கோப்புகளின் வரலாறு – 14: அடைப்புக்குறிக்குள் ஒன்று

சென்ற இதழில் கோப்பின் பெயரை எட்டெழுத்துக்குள் அடக்கிய டாஸ் காலத்தைப் பார்த்தோம். பெயர் நீளமோ குட்டையோ, ஒரு சட்டம் மட்டும் அன்றும் இன்றும் மாறவில்லை. ஒரு ஃபோல்டருக்குள் ஒரு பெயருக்கு ஒரே கோப்புதான். அதே பெயரில் இரண்டாவது கோப்பு வந்தால் என்ன செய்வது? பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைக்கலாம். கணினியின் முன் உட்கார்ந்திருப்பவரைக் கேட்கலாம். புதியதற்கு வேறு பெயர் சூட்டலாம். இந்த மூன்றையும் மாறி மாறி முயன்று பார்த்திருக்கிறார்கள். இன்று குரோமில் ஒரு பிடிஎஃபை இரண்டாம் முறை டவுன்லோட் செய்தால் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறதே ‘(1)’, அதற்குப் பின்னால் நாற்பதாண்டுக் கதை இருக்கிறது. பலரும் அந்த எண்ணைக் குப்பை என்றே நினைக்கிறார்கள். எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. ஏன் என்று சொல்கிறேன்.

இந்தச் சிக்கலுக்கு நல்ல விடையை முதலில் கண்டவர்களில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரக்காரர்கள் முக்கியமானவர்கள். அங்கே எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் 1960களின் பிற்பகுதியில் ஐ.டி.எஸ். என்ற இயங்குதளத்தை எழுதினார்கள். அதில் ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு பெயர், ஒவ்வொன்றும் ஆறெழுத்து. அவர்களுடைய பி.டி.பி. கணினியில் நினைவகத்தின் ஒரு கட்டம் 36 பிட் அகலம். ஓர் எழுத்துக்கு 6 பிட் என்று வைத்துக்கொண்டால் ஒரு கட்டத்தில் ஆறெழுத்து கச்சிதமாக அடங்கும். ஆறெழுத்துக் கணக்கு அப்படி வந்தது. முதல் பெயர் கோப்பைச் சொல்லும். இரண்டாவது பெயரின் இடத்தில் பெரும்பாலும் ஓர் எண்ணை வைத்தார்கள். அந்த எண் எதுவரை போயிருக்கிறது என்று நிரலாளர் நினைவில் வைத்திருக்க வேண்டாம். ‘>’ என்ற குறியைப் போட்டால் போதும். படிக்கும்போது போட்டால் இருப்பதிலேயே பெரிய எண் கொண்ட கோப்பு திறக்கும். எழுதும்போது போட்டால் அதற்கு அடுத்த எண்ணில் புதுக் கோப்பு உருவாகும். பழையது பழைய இடத்திலேயே இருக்கும்.

அதே நகரத்தில் போல்ட், பெரானெக் அண்ட் நியூமன் என்ற நிறுவனம் டெனெக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கியது. டேனியல் போப்ரோ, டேன் மர்ஃபி, ரே டாம்லின்சன் ஆகியோர் அதன் ஆசிரியர்களில் சிலர். 1971இல் ‘@’ குறியோடு டாம்லின்சன் மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்ததும் டெனெக்ஸ் ஓடிய கணினிகளில்தான். பெயர், பின்னொட்டு, பதிப்பு எண் என்ற மூன்றும் சேர்ந்ததே கோப்பின் முழுப்பெயர் என்று டெனெக்ஸ் வைத்தது. வணிக உலகில் ஐ.பி.எம். 360 வரிசைக் கணினிகளும் ‘தலைமுறை’ என்ற பெயரில் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தன. மாதாமாதம் ஓடும் சம்பளக் கணக்குக்குக் கடந்த மாதத்துக் கோப்பு, அதற்கு முந்தைய மாதத்துக் கோப்பு என்று பின்னோக்கி எண்ணிப் போக முடிந்தது.

இந்த ஏற்பாடு முழு வடிவம் பெற்றது விஎம்எஸ்ஸில். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், சுருக்கமாக டெக், 1977 அக்டோபர் 25 அன்று வாக்ஸ்-11/780 கணினியை அறிவித்தது. அதற்கான இயங்குதளம்தான் விஎம்எஸ். அதை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் டேவ் கட்லர். அதில் ‘பேரோல்.டாட்’ என்று ஒரு கோப்பை உருவாக்கினால் அதன் முழுப்பெயர் ‘பேரோல்.டாட்;1’. திருத்திச் சேமித்தால் ‘பேரோல்.டாட்;2’ பிறக்கும், ‘;1’ தொடப்படாது. மறுபடி சேமித்தால் ‘;3’. பட்டியலைக் கேட்டால் ;3, ;2, ;1 என்று புதியது மேலேயும் பழையது கீழேயுமாகக் காட்டும். எண் சொல்லாமல் திறந்தால் புதியது திறக்கும். எண் சொல்லாமல் அழிக்கப் போனால் மறுத்துவிடும். எந்தப் பதிப்பை அழிப்பது என்று நீங்கள்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எண் 32,767 வரை போகும். பழையவை சேர்ந்து வட்டு நிறைந்தால் ‘பர்ஜ்’ என்று ஒரு கட்டளை. புதியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அது துடைத்துவிடும்.

விஎம்எஸ்ஸில் வேலை பார்த்தவர்கள் இந்த ஒரு வசதியைப் பற்றி இன்றும் ஆசையோடு பேசுவார்கள். காலையில் செய்த தவறை மாலையில் கண்டுபிடித்தாலும் காலைக்கு முந்தைய கோப்பு அப்படியே இருக்கும். யாரும் தனியாக ‘பேக்கப்’ எடுக்கவில்லை, யாரும் எதையும் கேட்கவில்லை. இயங்குதளமே அதைத் தன் கடமையாக எடுத்துக்கொண்டது.

அதற்கு விலையும் இருந்தது. அன்றைய வாக்ஸோடு இணைத்த ஆர்.பி.06 வட்டு, ஒரு சலவை இயந்திரத்தின் பருமன். அதன் கொள்ளளவு சுமார் 176 மெகாபைட். ஒவ்வொரு சேமிப்புக்கும் ஒரு முழுக் கோப்பு என்றால் அந்த வட்டு எத்தனை நாள் தாங்கும்?

நியூ ஜெர்சியில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸ் நேர் எதிர்த் திசையில் போனது. கோப்பை உருவாக்கும் அதன் கட்டளைக்கு ஏற்கெனவே இருக்கும் பெயரைக் கொடுத்தால், பழைய கோப்பின் உள்ளடக்கம் அந்த நொடியே பூஜ்யமாகிவிடும். எச்சரிக்கை கிடையாது. நகலெடுக்கும் கட்டளையும் பெயர் மாற்றும் கட்டளையும் அப்படியே. யூனிக்ஸ் சிறியது, எளியது, செலவு குறைந்தது. அதனால் அதுதான் பரவியது. பின்னால் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி-ஷெல்லில், இருக்கும் கோப்பின் மேல் எழுதாதே என்று சொல்லி வைக்க ஓர் ஏற்பாடு வந்தது. ஆனால் அதை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். டாஸும் அழிக்கிற கட்சிதான். அதன் நகலெடுக்கும் கட்டளை ‘மேலே எழுதட்டுமா?’ என்று கேட்கத் தொடங்கியது 1993இல், 6.2 பதிப்பில்.

வரலாற்றில் எனக்கு வருத்தம் தரும் இடம் இதுதான். விஎம்எஸ்ஸைத் தந்த அதே டேவ் கட்லர் 1988இல் மைக்ரோசாஃப்டுக்குப் போனார். அவர் தலைமையில் எழுதிய விண்டோஸ் என்டி 1993 ஜூலையில் வெளிவந்தது. இன்று நம் மேசைகளில் இருக்கும் விண்டோஸ் எல்லாமே அந்த என்டியின் வாரிசுகள். ஆனால் அரைப்புள்ளிக்குப் பின்னால் நின்ற அந்தப் பதிப்பு எண் மட்டும் அவரோடு கூட வரவில்லை. கோப்பைக் காக்கும் பொறுப்பு இயங்குதளத்தின் கையிலிருந்து நழுவி அவரவர் நிரலின் கைக்கு, கடைசியில் நம் கைக்கு வந்துவிட்டது.

விண்டோஸ் 95இல் ஒரு கோப்பை அதே ஃபோல்டரில் நகலெடுத்தால் ‘காப்பி ஆஃப்’ என்று பெயரின் முன்னால் சேரும். பெயர் வரிசையில் அடுக்கினால் நகல்கள் எல்லாம் ‘சி’ எழுத்துக்குப் போய்க் கூட்டமாக நிற்கும், மூலம் வேறெங்கோ இருக்கும். விஸ்டாவில்தான் அந்தச் சொல் பெயரின் கடைசிக்குப் போனது. மூலமும் நகலும் அடுத்தடுத்து நின்றன. ஒட்டு எங்கே ஒட்டுகிறது என்பதும் பயன்படுத்துபவரின் வசதிதான் என்பதை அவர்கள் உணரப் பதினோரு ஆண்டு ஆகியிருக்கிறது.

இனி இணையத்துக்கு வருவோம்.

1993இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிறந்த மொசைக்கும், 1994 டிசம்பரில் வெளிவந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டரும் கேட்கிற கட்சி. ஒரு கோப்பின் இணைப்பைச் சொடுக்கினால், எங்கே வைப்பது, என்ன பெயர் என்று ‘சேவ் ஆஸ்’ பெட்டி திறக்கும். அந்தப் பெட்டி விண்டோஸுக்குச் சொந்தம். 1992இல் வந்த விண்டோஸ் 3.1 முதல், எல்லா நிரல்களும் பொதுவாகப் பயன்படுத்தும் பெட்டியாக மைக்ரோசாஃப்ட் அதைக் கொடுத்திருந்தது. அதே பெயரில் கோப்பு இருந்தால் ‘ஏற்கெனவே இருக்கிறது, மாற்றிவிடட்டுமா?’ என்று அந்தப் பெட்டியே கேட்கும். கோப்பின் பெயரைப் பற்றிப் பிரவுசர் கவலைப்படத் தேவையே எழவில்லை. தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் வந்த காலத்தில் ஒரு கோப்பு இறங்கக் கால் மணி, அரை மணி ஆகும். அதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்வது யாருக்கும் பாரமாகப் படவில்லை.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் ஓர் எண் எட்டிப் பார்த்தது, அதுவும் சதுர அடைப்புக்குறிக்குள். பார்த்த பக்கங்களையும் படங்களையும் தற்காலிக ஃபோல்டரில் அது சேர்த்து வைக்கும்போது ‘லோகோ[1].ஜிஃப்’ என்று பெயரிடும். வெவ்வேறு தளங்களின் ‘லோகோ.ஜிஃப்’ ஒன்றோடொன்று மோதாமல் இருக்க அந்த எண். ஒரு கடிதத்தைச் சேமிக்காமல் ‘ஓப்பன்’ கொடுத்தால் வேர்டின் தலைப்பில் ‘லெட்டர்[1]’ என்று நின்றது பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கோப்பிலேயே ஒரு மணி நேரம் திருத்தி, சேமித்து மூடிவிட்டு, பிறகு ‘மை டாக்குமெண்ட்ஸ்’ முழுவதும் தேடியவர்கள் எத்தனை பேர்! திருத்தியது தற்காலிக ஃபோல்டரின் அடியாழத்தில் கிடந்தது.

பெயரைப் பற்றிய விதியை எழுதி வைக்க வேண்டியவர்கள் என்ன எழுதினார்கள் என்றும் பார்க்க வேண்டும். கோப்பை அனுப்பும் கணினி ‘இதற்கு இந்தப் பெயர் வைத்துக்கொள்’ என்று சொல்வதற்கு ‘கன்டென்ட்-டிஸ்பொசிஷன்’ என்ற தலைப்பு வரி இருக்கிறது. முதலில் மின்னஞ்சல் இணைப்புகளுக்காக உருவானது. யூடோரா மின்னஞ்சல் நிரலை எழுதிய ஸ்டீவ் டோர்னரும் ரென்ஸ் டிரூஸ்டும் 1995இல் அதன் முதல் வடிவை எழுதினார்கள். கீத் மூரும் சேர்ந்து 1997 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 2183 என்ற ஆவணமாக அது வந்தது. அதில் ஓர் அறிவுரை: வந்த பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதே. உன் கணினியின் வழக்கத்துக்குப் பொருந்துகிறதா, இருக்கும் கோப்பை அழித்துவிடாமல் இருக்கிறதா, பாதுகாப்புக்குக் கேடில்லையா என்று பார், தேவைப்பட்டால் மாற்று. எப்படி மாற்றுவது என்று மட்டும் சொல்லவில்லை. வெப்புக்கென்றே ஜூலியன் ரெஷ்கே 2011இல் எழுதிய ஆர்.எஃப்.சி. 6266உம் எண்ணை எங்கே, எப்படி ஒட்டுவது என்ற பேச்சுக்குப் போகவில்லை. அழிக்காதே என்பது விதி. பிறகு என்ன செய்வது என்பது அவரவர் பாடு. ஒவ்வொரு பிரவுசரும் ஒவ்வொரு விதமாகப் பெயர் வைத்ததற்குக் காரணம் இந்த இடைவெளிதான்.

கேள்வி கேட்பதை நிறுத்தியபோதுதான் பிரவுசர்களுக்கு அந்த இடைவெளியை நிரப்ப வேண்டி வந்தது. ஆப்பிள் 2003 ஜனவரியில் அறிமுகப்படுத்திய சஃபாரி, சொடுக்கிய கோப்பை எதுவும் கேட்காமல் டெஸ்க்டாப்பில் இறக்கியது. 2004 நவம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 1.0, எங்கே வைப்பது என்ற கேள்வியை விட்டுவிட்டு டெஸ்க்டாப்பையே வழக்கமான இடமாக்கியது. விஸ்டாவும் 2007 அக்டோபரில் வந்த மேக்கின் லெப்பர்டும் ‘டவுன்லோட்ஸ்’ என்று தனி ஃபோல்டரே கொடுத்தன. பிராட்பேண்ட் வந்துவிட்டது, கோப்பு நொடிகளில் இறங்கியது, நடுவில் ஒரு பெட்டி எதற்கு என்று நினைத்தார்கள். கேட்காமல் இறக்கும் பிரவுசர், அதே பெயரில் இருக்கும் பழைய கோப்பைக் கேட்காமல் அழிக்கக் கூடாது. அழிக்கவும் முடியாது, கேட்கவும் மாட்டோம் என்றால் மிச்சம் இருப்பது பெயர் மாற்றம் ஒன்றுதான். சஃபாரி ‘-1’ என்று ஒட்டியது, ஃபயர்ஃபாக்ஸ் ‘(1)’ என்று ஒட்டியது.

கேட்காமல் இறக்குவதில் இருந்த ஆபத்து 2008இல் வெளிச்சத்துக்கு வந்தது. மே மாதம் நிதேஷ் தஞ்சானி என்ற பாதுகாப்பு ஆய்வாளர் ஒரு விஷயத்தைச் சொன்னார். தீய எண்ணம் கொண்ட ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும், அந்தப் பக்கம் நூற்றுக்கணக்கான கோப்புகளைச் சஃபாரி வழியாக உங்கள் கணினியில் கொட்ட முடியும். எல்லாவற்றுக்கும் ஒரே பெயராக இருந்தாலும் சஃபாரி சளைக்காமல் எண் போட்டு அடுக்கும். இதற்குக் ‘கார்ப்பெட் பாம்ப்’ என்று பெயர் வைத்தார்கள். ஆப்பிள் முதலில் இதை ஒரு பாதுகாப்புக் குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை, ‘இறக்கும் முன் கேட்கலாம்’ என்ற ஆலோசனையாகப் பார்த்தது. விண்டோஸில் ஓடும் சஃபாரிக்கு அப்போது வழக்கமான இடம் டெஸ்க்டாப். டெஸ்க்டாப்பில் கிடக்கும் சில கோப்புகளை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் தன்னுடையவை என்று நம்பி இயக்கிவிடும் என்பதை அவிவ் ராஃப் என்ற இஸ்ரேல் ஆய்வாளர் சுட்டிக்காட்டியதும் நிலைமை மாறியது. தனித்தனியாகப் பார்த்தால் சின்னதாகத் தெரிந்த இரண்டு குறைகள் சேர்ந்து பெரிய ஓட்டையாகிவிட்டன. மே 30 அன்று மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கை வெளியிட்டது. ஜூன் 19 அன்று சஃபாரி 3.1.2 வந்து ஓட்டையை அடைத்தது. விண்டோஸ் பக்கத்துத் திருத்தம் வர 2009 ஏப்ரல் ஆனது.

இந்தச் சூடு ஆறும் முன் 2008 செப்டம்பர் 2 அன்று கூகுள் குரோமை வெளியிட்டது. அதுவும் கேட்காமல் இறக்குகிற கட்சி. வெளியான உடனேயே இதே வித்தையை அதிலும் காட்டினார்கள். ‘இந்தத் தளம் பல கோப்புகளை இறக்க முயல்கிறது’ என்று குரோம் இன்று நம்மிடம் அனுமதி கேட்கிறதே, அந்தக் கேள்வி தடுக்கும் ஆபத்து இதுதான். இறக்கட்டுமா என்று ஒருமுறை கேட்பார்கள். பெயர் என்ன என்று கேட்பதில்லை.

குரோம் பெயர் வைக்கும் முறையைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்ப்போம். அதன் நிரல் பொதுவில் இருப்பதால் யாரும் படிக்கலாம். டவுன்லோட் தொடங்கியதும் ‘ரிப்போர்ட்.பிடிஎஃப்’ என்ற பெயர் காலியா என்று வட்டில் பார்க்கும். இருந்தால் ‘ரிப்போர்ட் (1).பிடிஎஃப்’, அதுவும் இருந்தால் ‘ரிப்போர்ட் (2).பிடிஎஃப்’ என்று போய்க்கொண்டே இருக்கும். நூறு வரைதான். நூறும் நிரம்பியிருந்தால் இன்றைய குரோம் எண்ணை விட்டுவிட்டுத் தேதியையும் நேரத்தையும் பெயரோடு சேர்க்கிறது. வட்டில் மட்டும் பார்த்தால் போதாது. ஒரே கோப்பை இரண்டு ஜன்னலில் ஒரே நேரத்தில் சொடுக்கினால் இரண்டுக்கும் பெயர் காலியாகத்தான் தெரியும், ஏனென்றால் இரண்டுமே இன்னும் இறங்கி முடியவில்லை. அதற்காக, ஓடிக்கொண்டிருக்கும் டவுன்லோட்கள் எந்தெந்தப் பெயரைக் கோரியிருக்கின்றன என்று ஒரு முன்பதிவுப் பட்டியலைக் குரோம் தன் நினைவில் வைத்திருக்கிறது. இறங்கி முடியும் வரை கோப்பின் கடைசியில் ‘.சிஆர்டவுன்லோட்’ என்ற ஒட்டு நிற்கும். முடிந்ததும்தான் உண்மைப் பெயர் கிடைக்கும்.

ஃபயர்ஃபாக்ஸ் இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. டவுன்லோட் தொடங்கியதும் கடைசிப் பெயரில் பூஜ்யம் பைட்டில் ஒரு வெற்றுக் கோப்பை வைத்துவிடும். பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது போலத்தான். உண்மைச் சரக்கு ‘.பார்ட்’ என்று முடியும் பக்கத்துக் கோப்பில் சேர்ந்துகொண்டிருக்கும். டவுன்லோட் பாதியில் நின்றுபோன சமயங்களில் அந்த வெற்றுக் கோப்பைப் பார்த்துக் குழம்பியவர்கள் உண்டு. அது கெட்டுப்போன கோப்பு இல்லை, பிடித்து வைத்த இடம்.

பெயர் காலியா என்று பார்ப்பதற்கும் அந்தப் பெயரில் எழுதத் தொடங்குவதற்கும் நடுவே ஒரு கணம் இருக்கிறது. அந்தக் கணத்தில் வேறொரு நிரல் அதே பெயரில் ஒரு கோப்பை வைத்துவிட்டால் என்ன ஆகும் என்பது இந்தத் துறையின் நிரந்தரக் கவலை. ‘உருவாக்கு, ஏற்கெனவே இருந்தால் தோற்றுப்போ’ என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் வழியை யூனிக்ஸ் வகை இயங்குதளங்கள் கொடுத்திருக்கின்றன. பார்த்துவிட்டு எழுதுவதை விட, எழுதிப் பார்த்துத் தோற்றால் அடுத்த எண்ணுக்குப் போவதே பத்திரம்.

எண்ணை எங்கே செருகுவது என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பெயரின் கடைசியில் ஒட்டினால் ‘படம்.ஜேபிஜி (1)’ என்று ஆகும். விண்டோஸ் பின்னொட்டைப் பார்த்துத்தான் எந்த நிரலில் திறப்பது என்று முடிவு செய்கிறது, ஆகவே அது திறக்காது. எண் கடைசிப் புள்ளிக்கு முன்னால் போக வேண்டும். ஆனால் லினக்ஸ் உலகில் ‘சோர்ஸ்.டார்.ஜிஇசட்’ என்று இரட்டைப் பின்னொட்டு சாதாரணம். கடைசிப் புள்ளிக்கு முன் செருகினால் ‘சோர்ஸ்.டார்(1).ஜிஇசட்’ என்று உடைந்து நிற்கும். ஃபயர்ஃபாக்ஸ் நிரலில் இதற்கென்றே தனி விதி எழுதி, ‘.டார்.ஜிஇசட்’ போன்றவற்றை ஒரே பின்னொட்டாகக் கொண்டு அதற்கு முன்னால் எண்ணை வைத்தார்கள். குரோமும் அப்படியே செய்கிறது, அதன் நிரலில் ‘ஜிஇசட்’, ‘பிஇசட்2’, ‘எக்ஸ்இசட்’ என்று ஒரு பட்டியலே இருக்கிறது. எவரோ ஒருவர் உடைந்த பெயரைப் பார்த்து முகம் சுளித்து, உட்கார்ந்து அந்த வரியை எழுதியிருக்கிறார். கோடிக்கணக்கானவர்கள் அதைக் கவனிக்காமலே பயன்படுத்துகிறோம்.

எண் ஒன்றில் தொடங்குவதா, இரண்டிலா? விண்டோஸில் ‘இரண்டையும் வைத்துக்கொள்’ என்றால் புதியது ‘(2)’ ஆகும். இரண்டாவது கோப்புக்கு இரண்டு என்பது அதன் கணக்கு. பிரவுசர்களில் ‘(1)’ என்றால் முதல் நகல் என்று பொருள். ஃபயர்ஃபாக்ஸுக்குள்ளேயே இரண்டு கணக்கும் இருந்தன. கோப்பை இறக்கும் பகுதி ஒன்றிலிருந்தும், பக்கத்தைச் சேமிக்கும் பகுதி இரண்டிலிருந்தும் எண்ணின. மூன்றாவதாக, அடிமட்டத்தில் ‘-1’ என்று ஒட்டும் பொதுச் செயல்முறையும் இருந்தது. அது பத்தாயிரத்தை நெருங்கும் வரை முயன்றுவிட்டுக் ‘கோப்பு மிகப் பெரியது’ என்ற பிழையைத் திருப்பித் தரும். பெயர்கள் தீர்ந்துபோயின என்று சொல்லத் தனிப் பிழை எண் இல்லாததால் வட்டு நிறைந்ததாகப் பாவித்துக்கொண்டார்கள்.

பிரவுசர் இல்லாமல் கட்டளை வரியிலிருந்து இறக்குபவர்களுக்கு வேறு மரபு. குரோவேஷியாவைச் சேர்ந்த ஹர்வோயே நிக்சிச் 1996இல் எழுதிய டபிள்யூகெட், ‘படம்.ஜேபிஜி.1’ என்று கடைசியில் புள்ளியும் எண்ணும் ஒட்டுகிறது. யூனிக்ஸில் பின்னொட்டுக்கு அவ்வளவு மதிப்பில்லை. இடைவெளியும் அடைப்புக்குறியும்தான் அங்கே தொல்லை, கட்டளையில் எழுதும்போது மேற்கோளுக்குள் போட வேண்டும். ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க்கின் கர்ல், யூனிக்ஸ் வழக்கப்படி, பழையதன் மேல் எழுதிவிடும். அழிக்காமல் எண் போடும் வசதி அதில் சேர்ந்தது 2022இல்தான்.

தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்களுக்கு இந்தக் கதையில் தனிப் பங்கு உண்டு. லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள், ஆக 15 பைட். ஒரு பெயரில் அதிகபட்சம் 85 குறிகள் அடங்கும். ஆங்கிலத்தில் 255 எழுத்து வைக்கும் இடம் இது. நீண்ட தலைப்பு வைத்த கட்டுரையை இறக்கி, அதற்கு ‘(1)’ சேர்க்க இடம் இல்லாவிட்டால் குரோம் பெயரின் வாலைக் கொஞ்சம் வெட்டும். ஒரு குறியின் நடுவில் வெட்டாமல் பார்த்துக்கொள்ளும், ஆனால் எழுத்தையும் அதன் உயிர்க்குறியையும் பிரித்துவிட வாய்ப்புண்டு. ‘கி’ இருந்த இடத்தில் ‘க’ மட்டும் நிற்கும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. ‘கோவில்’ என்ற சொல்லின் முதலெழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். ஏகாரக் கொம்பும் துணைக்காலும் என்று இரண்டாகப் பிரித்தும் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மேக் கணினிகளில் 1998 முதல் வழங்கிய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை எல்லாப் பெயர்களையும் பிரித்தே எழுதி வைத்தது. விண்டோஸும் லினக்ஸும் வந்ததை வந்தபடி வைத்துக்கொள்ளும். மேக்கிலிருந்து வந்த ‘கோவில்.பிடிஎஃப்’ ஒன்றும், விண்டோஸில் தட்டச்சு செய்த ‘கோவில்.பிடிஎஃப்’ ஒன்றும் ஒரே ஃபோல்டரில் எண் எதுவும் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். கணினிக்கு அவை வெவ்வேறு பெயர்கள். ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்கள் உள்ள எந்தப் பெயருக்கும் இது நேரலாம். ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருக்க முடியாது என்று தொடக்கத்தில் சொன்ன சட்டத்தைத் தமிழ் எழுத்து இப்படிக் கடந்துவிடுகிறது.

2013இல் ஓபரா குரோமின் அடித்தளத்துக்கு மாறியது. 2020 ஜனவரியில் மைக்ரோசாஃப்டின் எட்ஜும் மாறியது. பிரேவும் சாம்சங் பிரவுசரும் அதே அடித்தளத்தில்தான் ஓடுகின்றன. இடைவெளி, அடைப்புக்குறி, எண் என்ற குரோமின் வழக்கம் எந்த ஆணையும் இல்லாமல் உலகப் பொது வழக்காகிவிட்டது. ஒரு கோப்பும் அழியவில்லை, ஒரு கேள்வியும் எழவில்லை. நல்ல பொறியியல் என்றே இதைச் சொல்வேன்.

ஆனால் விஎம்எஸ்ஸின் அரைப்புள்ளி எண்ணும் இந்த அடைப்புக்குறி எண்ணும் ஒன்றல்ல. விஎம்எஸ்ஸில் பெரிய எண் என்றால் புதிய பதிப்பு. பிரவுசர் எண்ணுக்கு அந்தப் பொருள் கிடையாது. பிரவுசர் கோப்பின் உள்ளே பார்ப்பதில்லை, பெயரை மட்டும் பார்க்கிறது. ஒரே விண்ணப்பப் படிவத்தை இரண்டு முறை இறக்கினாலும் ‘(1)’, இரண்டு வெவ்வேறு அலுவலகங்கள் ‘ஃபார்ம்.பிடிஎஃப்’ என்ற பெயரில் வெவ்வேறு படிவம் கொடுத்தாலும் ‘(1)’. ‘ரிப்போர்ட்’, ‘ரிப்போர்ட் (1)’ இரண்டும் இருக்கும்போது முதலாவதை அழித்துவிட்டு மறுபடி இறக்கினால், புதிதாக வந்ததற்கு எண்ணில்லாத பெயர் கிடைக்கும். அப்போது ‘(1)’ பழையது, எண்ணில்லாதது புதியது. நண்பர் ஒருவர் ‘ரிப்போர்ட் (1)’ என்றே அனுப்பி, அதே பெயரில் உங்களிடமும் ஒன்று இருந்தால் ‘ரிப்போர்ட் (1) (1)’ என்று வரும். உங்கள் எண்ணும் அவர் எண்ணும் ஒரே பெயரில் நிற்கும், எது யாருடையது என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போதோ, பத்திர நகல் அனுப்பும்போதோ, அச்சகத்துக்குக் கடைசிப் புரூஃப் கொடுக்கும்போதோ அடைப்புக்குறி எண்ணை நம்பி எது புதியது என்று முடிவு செய்யாதீர்கள். ஃபோல்டரைத் தேதி வரிசையில் அடுக்கிப் பாருங்கள், அனுப்பும் முன் கோப்பைத் திறந்தும் பாருங்கள். வைத்திருக்க வேண்டிய கோப்பு என்றால் இறக்கிய கையோடு உங்கள் பெயரையும் ‘2024-06-15’ என்பது போல ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியையும் சேர்த்துப் பெயர் மாற்றிவிடுங்கள். அப்படி எழுதினால் பெயர் வரிசையும் தேதி வரிசையும் ஒன்றாகவே அமையும்.

அடுத்த இதழில்: அழித்த கோப்பு எங்கே போகிறது? ‘ரீசைக்கிள் பின்’ வந்த வரலாறு.

(தொடரும்)